ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும் பிள்ளைகள்: மலைப் பள்ளிகளில் ஏப்ரலில் என்ன செய்கிறீர்கள்?

கோத்தகிரி டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஈராசிரியர் பள்ளி ஒன்றில் தலைமையாசிரியராக இருக்கிறேன். ஒன்று முதல் ஐந்து வரை மொத்தம் 19 பிள்ளைகள். பாதிப் பேர் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து வருகிறவர்கள், மீதி ஹட்டிப் பிள்ளைகள், அதாவது படுகர் ஊர்ப் பிள்ளைகள். இரண்டு பேர் ஜார்க்கண்டிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். ஐந்தாம் வகுப்பில் ஆறு பேர்.

ஆண்டு விழா மார்ச்சிலேயே முடிந்துவிட்டது. மூன்றாம் பருவத் தேர்வு முடிகிற அன்று இந்த ஆறு பேருக்கும் தனியாக ஏதாவது செய்ய வேண்டும் என்று உதவி ஆசிரியை சொல்கிறார். அவருக்குப் பட்டமளிப்பு விழா மாதிரி வேண்டும்: கறுப்பு கவுன், தொப்பி, போட்டோ. மேட்டுப்பாளையத்தில் வாடகைக்குக் கிடைக்கிறதாம். எனக்கு அதில் அவ்வளவு இஷ்டம் இல்லை. அதற்காக வெறும் டிசியைக் கையில் கொடுத்து அனுப்பவும் மனம் வரவில்லை.

மற்ற மலைப் பள்ளிகளில் என்ன செய்கிறீர்கள்? செலவு அதிகம் கூடாது. காலையிலேயே முடிகிற மாதிரி இருந்தால் நல்லது, இப்போதெல்லாம் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் மழை பிடித்துக்கொள்கிறது.

சமவெளி சார்

டீச்சர், தயங்காமல் கவுன் போடுங்கள். நான் திருப்பூர் மாவட்டம். எங்கள் பள்ளியில் யுகேஜி பிள்ளைகளுக்குப் போட்டோம். அப்பா அம்மா எல்லோரும் லீவு போட்டு வந்தார்கள், அன்று இரவே எல்லோர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் எங்கள் பள்ளிதான். அரசுப் பள்ளிச் சேர்க்கை 2025இல் மார்ச் 1ஆம் தேதியே தொடங்கியது ஞாபகம் இருக்கும். அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு ஒன்றாம் வகுப்புக்குச் சேர்க்க வந்தவர்கள் உண்டு. 19 பிள்ளைகள் என்றால் உங்களுக்கும் ஆள் வேண்டுமே.

ஹட்டி அக்கா

நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிறேன், வேறு ஹட்டி. கவுனுக்குக் கொடுக்கும் வாடகையில் ஆறு பிள்ளைகளுக்கும் நல்ல குடை வாங்கலாம் டீச்சர், ஜூனில் அதுதான் வேண்டும். எங்களுக்கு விசேஷம் என்றால் வெள்ளைத் துணி. பிள்ளைகளை வெள்ளையில் வரச் சொல்லுங்கள், பாட்டுப் போட்டால் பெரியவர்களும் வரிசையில் சேர்ந்து ஆடிவிடுவார்கள். யாருக்கும் ஒத்திகை தேவையில்லை. பக்கத்து ஊராக இருந்தால் எண்ணெ ஹிட்டுப் பலகாரம் நானே சுட்டு எடுத்து வருகிறேன்.

குந்தா பெரியவர்

நான் ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியன். விழா எப்படி வேண்டுமானாலும் வையுங்கள் அம்மா, அது உங்கள் இஷ்டம். நான் வேறு ஒன்று கேட்கிறேன். ஜூனில் பள்ளி திறக்கும் அன்று இந்த ஆறு பேரும் எந்தப் பள்ளியில் உட்கார்ந்திருப்பார்கள் என்று உங்களால் இப்போதே பேர் பேராகச் சொல்ல முடியுமா?

சொல்ல முடிந்தால் நான் எழுதியதைப் படிக்காமல் கடந்துவிடலாம்.

முடியாவிட்டால் ஏப்ரலில் உங்களுக்கு இருக்கிற பெரிய வேலை அதுதான். சமவெளியில் ஐந்தாம் வகுப்புப் பள்ளியும் ஆறாம் வகுப்புப் பள்ளியும் பல ஊர்களில் ஒரே தெருவில் இருக்கும். பிள்ளை அண்ணனோடோ அக்காவோடோ நடந்து போய்விடும். மலையில் அப்படியா? தொடக்கப் பள்ளிக்கு 1 கிலோமீட்டர், நடுநிலைக்கு 3 கிலோமீட்டர் என்று கல்வி உரிமைச் சட்ட விதியில் இருக்கிறது. நம் பக்கத்து 3 கிலோமீட்டரில் ஒரு ஓடை, ஒரு சோலை, இரண்டு ஏற்றம். பத்து வயதுப் பிள்ளை அதுவரை பஸ்ஸில் தனியாகப் போயிருக்காது. அப்பா அம்மா அந்த ஆறாம் வகுப்புப் பள்ளியின் வாசலைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நாம் டிசி கொடுத்துவிட்டால் நம் பதிவேட்டில் அந்தப் பெயர் முடிந்துவிடும். அந்தப் பள்ளிக்கோ அப்படி ஒரு பிள்ளை இருப்பதே தெரியாது. நடுவில் மே மாதம் முழுக்க அது யாருடைய பிள்ளையும் இல்லை.

நான் வேலையில் இருந்தபோது செய்தது இதுதான். தொடக்கப் பள்ளிக்குத் தேர்வு முன்னால் முடிந்துவிடும், மேல் வகுப்புகளுக்கு இன்னும் சில நாள் நடக்கும். 2025இல்கூட ஒன்று முதல் ஐந்து வரை ஏப்ரல் 17இல் முடித்தார்கள், ஆறு முதல் ஒன்பது வரை அதற்குப் பிறகும் ஒரு வாரம் ஓடியது. அந்த இடைவெளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் வர முடிந்த அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு, ஜூனில் அவர்கள் ஏற வேண்டிய அதே பஸ்ஸில் ஏறி, அந்தப் பள்ளிக்கே போய்விடுவோம். ஜீப் பிடிக்கவே மாட்டேன். எந்த ஸ்டாப்பில் ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும், கண்டக்டர் யார் என்று பிள்ளை பார்க்க வேண்டும். அங்கே வகுப்பறை, கழிப்பறை, சத்துணவுக் கூடம், ஆறாம் வகுப்பு ஆசிரியர், எல்லாவற்றையும் காட்டி, சேர்க்கைப் படிவத்தில் அம்மாவின் கையெழுத்தையும் வாங்கிவிட்டுத்தான் திரும்புவேன்.

எனக்குத் தெரிந்த வழியனுப்பு விழா அவ்வளவுதான்.

லைன்வீட்டுப் பையன்

ஐயா சொல்வது நூற்றுக்கு நூறு. குன்னூர்ப் பக்கம் எஸ்டேட்டில் ஐந்தாவது முடித்தவன் நான், இப்போது கோவையில் காலேஜ். எங்கள் செட்டில் இரண்டு பேர் ஆறாம் வகுப்பு வாசலையே மிதிக்கவில்லை. ஃபெயிலும் இல்லை, ஒன்றும் இல்லை, எட்டாவது வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்பதுதானே அப்போது சட்டம். ஒருத்தன் மே மாதம் ஊட்டியில் மாமா கடையில் சோளம் சுடப் போனான். சீசன் முடிந்தது, அவன் திரும்பவில்லை. ஒருத்தி கைக்குழந்தைத் தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றாள். கோடை மழைக்குப் பிறகு இலை வரத்து கூடும் இல்லையா, அம்மா கொழுந்துக்குப் போயே ஆக வேண்டும். "ஒரு வாரம் கழித்து அனுப்புகிறேன்" என்றார்கள். அந்த ஒரு வாரம் முடியவே இல்லை.

யாரும் சொல்லாத இன்னொன்று: காலை உணவு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. ஐந்தாம் வகுப்போடு அது முடிந்துவிடுகிறது. எங்கள் லைனில் அம்மாக்கள் எட்டு மணிக்குள் மஸ்டருக்கு, அதாவது வருகைப் பதிவுக்கு, நிற்க வேண்டும். பள்ளியில் சாப்பாடு இருக்கிறது என்கிற தைரியத்தில்தான் காலையில் அடுப்புப் பற்றவைக்காமல் போகிறார்கள். ஏப்ரல் வரை கிச்சடியும் பொங்கலும் சாப்பிட்ட பிள்ளை, ஜூனில் ஏழரை மணி பஸ்ஸுக்கு வெறும் டீயைக் குடித்துவிட்டு ஓட வேண்டும். மத்தியானம் வரை ஒன்றும் கிடையாது. முதல் வாரத்திலேயே தலை சுற்றுகிறது, வயிறு வலிக்கிறது என்று நின்றுவிடுவார்கள். என் தங்கை நின்றாள், பாட்டி அடித்து அனுப்பினார்.

கோத்தகிரி டீச்சர்

பெரியவர் ஐயா, நீங்கள் கேட்ட கேள்விக்கு இன்று உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். மூன்று பேர் நிச்சயம். ஒரு பெண் மெட்ரிக் பள்ளிக்குப் போகிறாள் என்று பேச்சு. இரண்டு பேர், அந்த ஜார்க்கண்ட் குடும்பத்துப் பையனும் ஒரு லைன் வீட்டுப் பெண்ணும், வீட்டில் இன்னும் யோசிக்கவே இல்லை.

தம்பி, காலை உணவு பற்றி நீங்கள் எழுதியதை எங்கள் சமையலக்காவிடம் காட்டினேன். "அதனால்தான் போன வருஷம் முடித்த பிள்ளை காலையில் வந்து வாசலில் நிற்கிறதா" என்று கேட்டார்.

சமவெளி சார்

எனக்கு ஒன்று புரியவில்லை. பஸ் பாஸ் இலவசம், புத்தகம், பை, செருப்பு எல்லாம் இலவசம். மத்தியானச் சாப்பாடு பத்தாவது வரை உண்டு. இவ்வளவும் இருந்தும் பிள்ளையை அனுப்பாவிட்டால் அது பெற்றோரின் அலட்சியம் அல்லவா? தலைமையாசிரியர் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த பள்ளி வரை கொண்டுபோய் விட வேண்டும் என்றால், அப்புறம் ஒன்பதாம் வகுப்புக்கு யார் கொண்டு விடுவது?

கூடலூர் அப்பா

சார், நீங்கள் ஒரு ஜூலை மாதம் பந்தலூர்ப் பக்கம் வாருங்கள். காலை ஏழு மணிக்குப் பத்தடி தூரத்தில் இருப்பது யானையா, பலா மரமா என்று தெரியாது. என் பெண் ஐந்தாவது முடித்தபோது எங்கள் ஊரிலிருந்து பஸ் ஸ்டாப் வரை காபித் தோட்டத்தின் ஓரமாக நடக்க வேண்டும். நான் டிரைவர், அதிகாலையில் கிளம்பிவிடுவேன். அவள் அம்மாதான் கூடவே போய், பஸ் ஏற்றிவிட்டு, அப்புறம் வேலைக்குப் போக வேண்டும். அரை மணி தாமதம் என்றால் அரை நாள் கூலி. இதை அலட்சியம் என்கிறீர்களா?

டீச்சர், உங்களுக்குப் பயன்படும் தகவல் ஒன்று. பஸ் இல்லாத குடியிருப்பு, காட்டுவிலங்கு நடமாட்டம் உள்ள பாதை என்றால் சமக்ர சிக்ஷா என்கிற பள்ளிக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து வசதியும் வழித்துணையும் கேட்கலாம். எந்தக் குடியிருப்பு, எத்தனை பிள்ளைகள், எத்தனை கிலோமீட்டர் என்று எழுதி, வட்டார வள மையத்தில் சொல்லுங்கள். ஜூனில் போய்க் கேட்டால் பட்டியல் போய்விட்டது என்பார்கள். ஏப்ரலிலேயே கொடுங்கள். ஜீப்காரருக்குப் பணம் எப்போது வரும் என்பது வேறு கதை, எங்கள் பக்கம் தீபாவளிக்கு வந்தது.

அப்புறம் அம்மாக்களுக்கு ஒன்று: 2024இலிருந்து மலையிலும் பெண்களுக்கு அரசு பஸ்ஸில் கட்டணம் இல்லை. முதல் இரண்டு வாரம் பிள்ளையோடு அம்மாவோ பாட்டியோ போய்வர டிக்கெட் செலவு கிடையாது. நிறையப் பேருக்கு இது தோன்றுவதில்லை.

கீழ்மலை வாத்தியார்

தாண்டிக்குடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன், பழனி மலையின் கீழ்மலை. எங்களுக்கு யானையும் உண்டு, ஆனால் பெரிய தலைவலி சாதிச் சான்றிதழ்.

என் பள்ளியில் பளியர் பிள்ளைகள் அதிகம். பழங்குடியினர் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அதற்கு விசாரணை, அப்பாவின் சான்று, தாத்தாவின் சான்று. ஐந்தாவது முடித்த பிள்ளைக்கு விடுதி வேண்டும், உண்டு உறைவிடப் பள்ளி வேண்டும் என்று போய் நின்றால் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். பழங்குடிப் பிள்ளைகளுக்கான ஏகலைவா உறைவிடப் பள்ளி ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது, அதற்கு நுழைவுத் தேர்வும் இருக்கிறது. மே மாதத்தில் விண்ணப்பித்தால் எங்கே கிடைக்கும்? நான் இப்போது நான்காம் வகுப்பு தொடங்கும்போதே ஆரம்பித்துவிடுகிறேன். முகாம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டால் எல்லோரையும் திரட்டிக்கொண்டு போய்விடுவேன்.

சான்றிதழ் இல்லை என்பதற்காக எந்தப் பள்ளியும் ஆறாம் வகுப்பில் சேர்க்க மறுக்கக் கூடாது, பிறப்புச் சான்று இல்லாவிட்டாலும் அப்படித்தான், சட்டத்திலேயே இருக்கிறது. சிக்கல் விடுதியில்தான். விடுதி இல்லாமல் பள்ளி இல்லை என்பது எங்கள் ஊர்களின் நிலைமை.

அடுத்தது, மே மாதம் என் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போனால் பூட்டுகூட இருக்காது, ஆளே இருக்காது. தேன் எடுக்கிற காலம். குடும்பமே காட்டுக்குப் போய்விடும். அதனால் கையெழுத்து, போட்டோ, வங்கிக் கணக்கு நம்பர், எல்லாவற்றையும் கடைசித் தேர்வுக்கு முன்னால் முடித்தாக வேண்டும். ஒருமுறை பரீட்சை அன்றே வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த பள்ளியின் கதை எங்களுக்கு நன்றாகத் தெரியும், பெயர் வேண்டாம்.

சமவெளி சார்

கூடலூர் அண்ணன் கேட்டது நியாயம். அலட்சியம் என்ற சொல் வேண்டாம், விட்டுவிடுகிறேன். ஆனால் வேறொரு சந்தேகம். தனியார் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு டிசியைக் கொஞ்சம் தாமதப்படுத்தினால் என்ன? எங்கள் வட்டாரத்தில் சிலர் செய்கிறார்கள். ஜூன் கடைசி வரை இழுத்தால் அவர்களே மனம் மாறிவிடுவார்கள். அரசுப் பள்ளியில் எண்ணிக்கை காப்பாற்றப்படும்.

பூம்பாறைப் பூண்டு

அதைச் செய்யாதீர்கள் சார். எங்கள் அண்ணன் மகளுக்கு ஒரு பள்ளியில் இதைத்தான் செய்தார்கள். மனம் மாறவில்லை, மனக்கசப்புதான் வந்தது. அடுத்து அவள் தம்பியையும் அங்கே சேர்க்கவில்லை.

குந்தா பெரியவர்

சமவெளி தம்பி, கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 5ஐ ஒருமுறை படியுங்கள். கேட்டவுடனே டிசி கொடுக்க வேண்டும். தாமதித்தால் தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். டிசி வரவில்லை என்று புதிய பள்ளியும் பிள்ளையை வெளியே நிறுத்தக் கூடாது. இழுத்தடிப்பதில் நமக்கு லாபம் ஒன்றும் இல்லை, பிள்ளைக்குத்தான் முதல் மாதப் பாடம் போகிறது.

அரசுப் பள்ளியில் தொடரச் சொல்ல நேர்மையான வழி இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு. ஆறிலிருந்து கணக்கு தொடங்குகிறது, ஒன்பதில் வந்து சேர்ந்தால் ஆகாது. பெண் பிள்ளை என்றால் புதுமைப் பெண், பையன் என்றால் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய். அதற்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை என்கிற கணக்குதான். ஐந்தாவது முடிகிற நேரத்தில் எடுக்கிற முடிவு பன்னிரண்டு வயதில் மாற்றக்கூடியது அல்ல என்று பெற்றோரிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். கேட்டுவிட்டும் தனியார்தான் என்றால், புன்னகையோடு டிசியைக் கொடுங்கள்.

ஹட்டி அக்கா

ஐயா சொல்வது சரி. ஆனாலும் என் பக்கத்தையும் சொல்கிறேன். என் மகளை ஆறாவதில் இங்கிலீஷ் மீடியத்தில் போட்டேன். 7.5 சதவீதம் எனக்குத் தெரியும், தெரிந்துதான் போட்டேன். காரணம் இங்கிலீஷ் கூட இல்லை, வேன். வீட்டு வாசலில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்குகிறான். எங்கள் தேயிலைக்குள் கரடி வருகிறது, காட்டுமாடு வருகிறது. போன மாதம் பட்டப்பகலில் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நான்கு காட்டுமாடு. அரசுப் பள்ளிக்கு அந்த மாதிரி ஒரு வண்டி இருந்தால் பாதி ஹட்டி திரும்பி வரும். ஒதுக்கீடு பற்றி என்னதான் பேசினாலும் அம்மாவுக்குச் சாயங்காலம் நாலரை மணிதான் முக்கியம்.

கூடலூர் அப்பா

அக்கா சொன்னதற்குக் கீழே என் கையெழுத்தையும் போட்டுக்கொள்ளுங்கள்.

சமவெளி சார்

சரி, திட்டினாலும் பரவாயில்லை, இன்னொன்று கேட்கிறேன். எங்கள் ஊரில் ஏப்ரலில் வகுப்பறை அடுப்பு. அதனால் விடுமுறை. உங்களுக்கு எதற்கு ஏப்ரல், மே விடுமுறை? நாங்கள் காசு கொடுத்து வந்து அனுபவிக்கிற குளிர் அது. ஜூலை மழையில் பள்ளியை வைத்துவிட்டு, நல்ல மாதத்தில் மூடுகிறீர்களே. மே மாதம் பள்ளி நடந்தால் அந்தச் சோளக் கடைப் பையனும் வகுப்பில் இருந்திருப்பானே?

குந்தா பெரியவர்

இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும். 2024 ஏப்ரல் கடைசியில் ஊட்டியில் 29 டிகிரி வந்தது. எழுபது வருஷத்துக்கு மேல் காணாத வெயில் என்று பத்திரிகையில் எல்லாம் போட்டார்கள். அதுதான் எங்கள் உச்சம். ஆனால் 2019 ஆகஸ்டில் எங்கள் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை. பள்ளி எங்கே வைப்பது? மழைக்கு விடுமுறை, அதை ஈடுகட்டச் சனிக்கிழமை வகுப்பு, மார்ச் முழுவதும் வேலை நாள் கணக்குப் பார்ப்பது, இதுதான் மலைப் பள்ளிகளின் வாழ்க்கை. கொடைக்கானலில் 1901இல் அமெரிக்க மிஷனரிகள் தங்கள் பிள்ளைகளுக்குத் தொடங்கிய பள்ளியில் கோடையில் பாடம் நடந்தது. பெற்றோர் வெயிலுக்குப் பயந்து மேலே வருவார்கள், பிள்ளைகளோடு இருப்பார்கள். நீண்ட விடுமுறை குளிர்காலத்தில்தான். அந்த ஏற்பாட்டில் ஒரு புத்தி இருக்கிறது.

பூம்பாறைப் பூண்டு

ஐயா, புத்தி இருந்தது, அப்போது கார் இல்லை. இப்போது மே மாதம் எங்கள் கொடைக்கானல் ரோட்டைப் பார்த்தீர்களா? 2024 மே மாதம் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் கொண்டுவந்தார்கள். 2025 கோடைக்கு ஐகோர்ட் எண்ணிக்கையும் வைத்தது: ஊட்டிக்கு வார நாளில் 6000 வண்டி, சனி ஞாயிறு 8000. கொடைக்கானலுக்கு 4000, 6000. கட்டுப்பாடு வைத்த பிறகே இவ்வளவு! கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் பஸ் நின்றால் நின்றதுதான். மே மாதம் பள்ளி வைத்தால் பூம்பாறைப் பிள்ளை காலையில் கிளம்பி மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேரும்.

அப்புறம் எங்கள் வீடுகளில் வருஷத்துச் சம்பாத்தியம் அந்த இரண்டு மாதத்தில்தான். குதிரை, கடை, காட்டேஜ் வேலை. பள்ளி இருந்தாலும் பிள்ளை கடையில்தான் நிற்கும். அதைச் சரி என்று சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன்.

லைன்வீட்டுப் பையன்

நீலகிரியிலும் அதே கதைதான். சீசனில் குன்னூர் வழியாக ஏற்றம், கோத்தகிரி வழியாக இறக்கம் என்று ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவார்கள். எங்கள் பஸ் எந்த வழியாக வருமென்று டிரைவருக்கே தெரியாது.

நாள்காட்டியை மாற்றுவது நம் கையில் இல்லை. கலந்தாய்வு, பாடநூல், தேர்வு எல்லாம் மாநிலம் முழுக்க ஒன்றுதான். டீச்சர் கேட்டதற்குத் திரும்புவோமா?

கீழ்மலை வாத்தியார்

திரும்புவோம். எமிஸ், அதாவது மாநிலத்தின் ஆன்லைன் மாணவர் பதிவேடு பற்றி யாரும் எழுதவில்லை. ஐந்தாம் வகுப்பு முடித்தவர்கள் அதில் காமன் பூல் என்கிற பொதுப் பட்டியலுக்குப் போய்விடுவார்கள். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொண்டால்தான் பிள்ளை அந்தப் பள்ளியின் கணக்கில் வரும். கணக்கில் வந்தால்தான் சீருடை, பை, நோட்டு. மலைப்பகுதிக்குக் கொடுக்கிற ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸுக்கும் இதே கணக்குதான். ஜூன் பாதியில் நீங்கள் ஆறாம் வகுப்புப் பள்ளிக்கு ஒரு போன் போட்டு, "என் ஆறு பேரையும் எடுத்துவிட்டீர்களா" என்று கேளுங்கள். எடுக்காத பெயர் எதுவோ, அந்தப் பிள்ளை வீட்டில் இருக்கிறது என்று அர்த்தம். பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்புக்கு வருகிறவர்களிடமும் அதே பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. எண்ணும் எழுத்தும் திட்டப் பதிவில் அரும்பு என்கிற தொடக்க நிலையிலேயே நிற்கிற பிள்ளை உங்கள் ஆறில் இருந்தால், அதை மறைக்காமல் ஆறாம் வகுப்பு ஆசிரியரிடம் நேரில் சொல்லுங்கள். "இவனுக்கு இரண்டு வரி வாசிக்க நேரம் ஆகும், ஆனால் கணக்கு மனதிலேயே போடுவான்" என்கிற மாதிரி. டிசியில் அதற்கு இடம் கிடையாது. முதல் வாரத்தில் நாற்பது பேர் முன்னால் எழுந்து நின்று வாசிக்கச் சொல்லிவிட்டால் அந்தப் பையன் மறுநாள் வரமாட்டான்.

கூடலூர் அப்பா

சம்பந்தம் இல்லாத விஷயம், ஆனால் முக்கியம்: பூட்டும்போது சத்துணவு அறையில் எண்ணெய், பருப்பு மிச்சம் வைக்காதீர்கள். மே மாதம் கரடி கதவைப் பிய்த்துவிடும். எங்கள் பக்கத்து அங்கன்வாடியில் எண்ணெய் பாக்கெட்டைக் கடித்துக் குடித்துவிட்டு மாவையும் கொட்டிப் போயிருந்தது.

கோத்தகிரி டீச்சர்

கரடி விஷயம் எங்களுக்கும் பழக்கம்தான் அண்ணா, சமையலக்கா மிச்சக் கணக்கை ஏற்கெனவே எழுதிவிட்டார்.

எல்லோருக்கும் நன்றி. முடிவு செய்தது இது. நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன், எங்கள் தேர்வு முடிந்த அடுத்த புதன்கிழமை வரச் சொன்னார். அவர்களுக்கு அன்று மதியம்தான் தேர்வு, காலையில் பள்ளியைச் சுற்றிப் பார்க்கலாம். ஏழு முப்பத்தைந்து பஸ்ஸில் போகிறோம். நான்கு அம்மாக்களும் ஒரு பாட்டியும் வருகிறார்கள். மெட்ரிக் பள்ளிக்குப் போகிற பெண்ணின் அம்மாவும் "சும்மா பார்க்க" வருகிறேன் என்றார், நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பள்ளியில் அதற்கு முதல் நாள் சின்னதாக ஆட்டம் பாட்டம். உதவி ஆசிரியைக்குக் கொஞ்சம் வருத்தம்தான், போட்டோ நன்றாக எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

காலைச் சாப்பாடு பற்றி நடுநிலைப் பள்ளியில் கேட்டேன். அது ஒன்று முதல் எட்டு வரை உள்ள பள்ளி, அங்கே ஐந்து வரை காலையில் சமையல் நடக்கிறது, ஆறிலிருந்து கிடையாது. அந்தத் தலைமையாசிரியர் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசிப் பார்க்கிறேன் என்றார். வாக்குறுதி ஒன்றும் தரவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ஜார்க்கண்ட் பையனின் அப்பா, ஜூனில் இங்கே இருப்போமா, ஊருக்குப் போவோமா, வேறு எஸ்டேட்டா என்று தெரியவில்லை என்கிறார். டிசியை என்ன செய்வது?

கீழ்மலை வாத்தியார்

அவனையும் புதன்கிழமை கூட்டிப் போங்கள், இங்கேயே இருந்துவிட்டால் இடம் தயாராக இருக்கும். கிளம்புவதாக இருந்தால் டிசியோடு யூடைஸ் பிளஸ் என்கிற மத்திய அரசுப் பதிவேட்டில் இருக்கிற பென் நம்பரையும் (மாணவரின் நிரந்தர எண்) எழுதிக் கொடுத்துவிடுங்கள், எமிஸ் நம்பர் நம் மாநிலத்தோடு சரி, வேறு மாநிலத்தில் பென் நம்பரை வைத்துத்தான் தேடுவார்கள். டிசி தமிழில் இருந்தால் பெயர், பிறந்த தேதி, முடித்த வகுப்பு இந்த மூன்றையும் ஆங்கிலத்திலும் எழுதி சீல் வையுங்கள். அப்பாவின் போன் நம்பர் அடிக்கடி மாறும், அவரோடு வேலை செய்கிற இன்னொருவர் நம்பரும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கோத்தகிரி டீச்சர்

சரி சார். சூப்பர்வைசர் நம்பரும் சேர்த்து வாங்கிவிடுகிறேன், அவருக்கு இந்தி தெரியும்.